எழுபத்திரண்டில் ஒரு பங்கு: முதல் மாதிரிப் போர்விமானத்தைக் கட்டுவோருக்கு

விமானச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறவர்கள் எல்லாத் தோட்டப் பட்டணத்திலும் இருக்கிறார்கள். இங்கே பீடோங்கில் எனக்கே சிலரைத் தெரியும்: சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, ஐந்தாம் படிவ மாணவி. பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி வருவது ஹார்னெட்டா ஹாக்கா என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு போர்விமானத்தைக் கையில் எடுத்து, திருப்பி, வயிற்றுப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சுகம் அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் வாங்கும் மாதிரி விமானப் பெட்டிக்குள் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இறக்கையை உடலோடு பொருத்தும்போதுதான் பிரிட்டனின் பழைய போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கை எவ்வளவு மெல்லியது, அதன் சக்கரங்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதெல்லாம் உறைக்கும். படத்தில் நூறு முறை பார்த்தாலும் கண்ணில் படாத விஷயம் கைக்குத் தெரிந்துவிடும். இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம் அதில் இருக்கிறது. மீதிப் பாதி, கைப்பேசியை எட்டத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஒரே காரியத்தில் இருப்பது.

எதைக் கட்டுவது

முதலில் அளவு. பெட்டியின் மேல் 1/72, 1/48, 1/32 என்று அச்சிட்டிருக்கும். 1/72 என்றால் உண்மை விமானத்தின் நீளத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், அது 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டர், 1/48 அளவில் 23 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், 1/32 அளவில் 35 சென்டிமீட்டர். தாமான் வீட்டு அலமாரியை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். என் சொல்லைக் கேட்டால், முதல் விமானம் 1/72 அளவில், ஒரே இயந்திரமும் ஒரே இருக்கையும் உள்ள, விசிறி வைத்த பழைய போர்விமானமாக இருக்கட்டும். எல்லோருக்கும் முதலில் ஹார்னெட்மேல்தான் ஆசை வரும். ஏவுகணைகள், குண்டுத் தாங்கிகள், நூற்றுக்கணக்கான குட்டி எழுத்துகள் என்று அது பொறுமையைத் தின்றுவிடும். மூன்றாவது நான்காவது விமானமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களில் ஜப்பானின் தமியாவும் ஹசேகாவாவும், பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. தமியாவின் பாகங்கள் துல்லியமாகப் பொருந்தும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஏர்ஃபிக்ஸ் 1950கள் முதல் ஸ்பிட்ஃபயர் விற்கிறது. அந்தப் பழைய அச்சு வேறு, இன்றைய அச்சு வேறு. எல்லா நிறுவனங்களும் பழைய அச்சில் வார்த்த பாகங்களைப் புதுப் படம் போட்ட பெட்டியில் அடைத்து விற்பதுண்டு. வாங்குமுன் அந்த அச்சு எந்த ஆண்டில் உருவானது என்று இணையத்தில் ஒரு நிமிடம் தேடிவிடுங்கள். முதல் பெட்டிக்கு நூறு ரிங்கிட்டைத் தாண்ட வேண்டாம்.

எந்த விமானம் என்று கேட்டால், நம் தலைக்கு மேலே பறந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஐரோப்பியப் போரின் கதையைக் கட்டுவதற்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நம் பக்கத்துக் கதை அதற்குக் குறைந்ததல்ல.

1941 டிசம்பர் 8 காலையில், கோத்தா பாருவில் ஜப்பானியர் தரையிறங்கிய சில மணி நேரத்தில், சுங்கைப்பட்டாணி விமானத்தளத்தின் மேல் குண்டு விழுந்தது. அங்கே நின்றவை ஆஸ்திரேலிய விமானப் படையின் 21ஆம் பிரிவைச் சேர்ந்த பஃபலோ விமானங்களும், பிரிட்டனின் 27ஆம் பிரிவைச் சேர்ந்த இரட்டை இயந்திரப் பிளென்ஹைம் விமானங்களும். பஃபலோ அமெரிக்காவில் செய்தது; பீப்பாய்க்கு இறக்கை முளைத்த தோற்றம். ஐரோப்பாவுக்கு லாயக்கில்லை என்று பிரிட்டன் ஒதுக்கி மலாயாவுக்கு அனுப்பிய விமானம் அது. இதே பஃபலோவின் முந்தைய, எடை குறைந்த வகையை வைத்துக்கொண்டு ஃபின்லாந்துக்காரர்கள் சோவியத் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். இங்கே வந்ததில் கவசமும் கருவிகளும் கூடி எடை ஏறியிருந்தது. எதிரே வந்தது இறகுபோல் எடை குறைந்த ஹயபுசா. நம் ஊர்ப் பெரியவர்கள் ஜப்பான் விமானம் எல்லாவற்றையும் சீரோ என்று சொல்வார்கள். வட மலாயாவின் வானில் அதிகம் பறந்தவை கடற்படையின் சீரோ அல்ல, ராணுவத்தின் கி-43 ஹயபுசாவும் கி-27உம்தான்.

மறுநாள் டிசம்பர் 9. பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம்கள் தென் தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானியரைத் தாக்கக் கிளம்பும் நேரத்தில் ஜப்பானியக் குண்டுகள் ஓடுபாதையில் விழுந்தன. அதற்கு முன்பே மேலே ஏறியிருந்தது ஒரே விமானம். அதன் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் தனியாகவே போய்க் குண்டு போட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். கூட இருந்தவர்களுக்குக் காயமில்லை, அவர் இறந்துபோனார். 1946இல் அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. கெடாவில் இருந்துகொண்டு பிளென்ஹைம் கட்டுகிறவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். ஏர்ஃபிக்ஸ் 1/72 அளவில் அதைத் தயாரித்திருக்கிறது. இரண்டு இயந்திரம் என்பதால் இரண்டாவது விமானமாக வைத்துக்கொள்ளலாம்.

போருக்குப் பிறகு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய மலாயா அவசரகாலத்தில் லிங்கன் குண்டுவீச்சு விமானங்கள் காட்டின்மேல் பறந்தன. ஒலிபெருக்கி கட்டிய டகோட்டா சரக்கு விமானங்கள் சரணடையச் சொல்லிக் கூவிக்கொண்டு போயின. பிரிட்டிஷ் விமானப் படையில் ஸ்பிட்ஃபயர் பார்த்த கடைசிப் போர்க்களப் பணியும் மலாயாவில்தான்: 1954 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்து கிளம்பி ஜொகூர்க் காட்டைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிய விமானம். பிறகு 1958 முதல் 1988 வரை பட்டர்வொர்த் ஆஸ்திரேலியர் கையில் இருந்தது. சேபர், மிராஜ் ஜெட் போர்விமானங்கள் அங்கிருந்து பறந்தன. தேர்வுக்குப் பஞ்சமில்லை.

ஹயபுசாவை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாமல் போன தமிழர்களின் குடும்பங்கள் நம் பட்டணங்களில் இன்னும் இருக்கின்றன. அந்தச் சிவப்பு வட்டத்தை வீட்டுக் கூடத்தில் வைக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. பல நேரம் அந்த ஒரு வார்த்தையே அவர்கள் வாயிலிருந்து பழைய கதைகளைக் கிளப்பிவிடும்.

மேசைக்கு வேண்டியவை

பாகங்களை வெட்ட நிப்பர், கூர்மையான கைவினைக் கத்தி, நுனி மெல்லிய இடுக்கி, 400, 600, 1000 எண் தண்ணீர்த் தேய்ப்புக் காகிதம், மெல்லிய பிளாஸ்டிக் பசை, மஞ்சள் மறைப்பு நாடா, நல்ல தூரிகை இரண்டு. முதல் விமானத்துக்கு இது போதும். குண்டாம் ரோபோ பொம்மை விற்கும் கடை இப்போது எல்லா ஊர்ப் பேரங்காடியிலும் இருக்கிறது. அங்கே விமானப் பெட்டி இல்லாவிட்டாலும் நிப்பரும் பசையும் வண்ணமும் இருக்கும். தேய்ப்புக் காகிதத்தை இரும்புச் சாமான் கடையில் வாங்கினால் பாதி விலை. மருந்துக்கடையில் விற்கும் நகம் தேய்க்கும் பட்டை வளைந்த இடங்களுக்கு அருமையானது. சாத்தே குச்சியை வீசாதீர்கள். கழுவிக் காயவைத்து, நுனியில் கொஞ்சம் ஒட்டுப்பசைக் களிமண் வைத்தால், சக்கரம், விசிறி போன்ற சின்னப் பாகங்களைக் குத்திப் பிடித்து வண்ணம் பூச அதைவிட நல்ல பிடி கிடையாது.

வண்ணத் தெளிப்பான், அதற்குக் காற்றழுத்தி என்று யாராவது இப்போதே ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

விளிம்பு உயர்ந்த பெரிய தட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, எல்லா வேலையையும் அதற்குள்ளேயே செய்யுங்கள். இடுக்கியிலிருந்து துள்ளும் அரிசி அளவுப் பாகம் தரையில் விழுந்தால் கிடைக்காது.

பெட்டியைத் திறந்ததும்

எதையும் வெட்டாதீர்கள். விளக்கத்தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படியுங்கள். பெரும்பாலும் படங்கள்தான், மொழி தடையாகாது. எந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது, சக்கரம் இறக்கியா மடக்கியா, எந்தத் துளையை முன்கூட்டியே குத்த வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டங்களை அப்படியே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதில் கழன்று வரப் பூசும் எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும். எண்ணெய்மேல் வண்ணம் பிடிக்காது. விமானி அறையின் கண்ணாடி மூடி இருக்கும் சட்டத்தைத் தனியே பையில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். கீறல் விழுந்தால் மாற்றுக் கிடையாது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பாகத்துக்கு மிக நெருக்கமாக வெட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் காம்பு மிஞ்சும்படி வெட்டிவிட்டு, அந்த மிச்சத்தைக் கத்தியால் சீவி, பிறகு தேய்க்க வேண்டும். நெருக்கமாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறிப் பள்ளம் விழும். அடுத்த படிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். எண்ணெல்லாம் சட்டத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டிப் போட்ட பிறகு எது எது என்று தெரியாது.

ஒட்டுமுன் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். இடிக்கிறதா, இடைவெளி விடுகிறதா, எங்கே தேய்த்தால் உட்காரும் என்று பார்த்துவிட்டுத்தான் பசைக் குப்பியைத் திறக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே பாகத்தின்மேல் பசையைத் தடவிவிட்டுச் சேர்க்க வேண்டாம். முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியில் இருக்கும் தூரிகையால் இணைப்புக் கோட்டை ஓரிடத்தில் தொடுங்கள். பசை தானே கோடு முழுக்க ஓடிவிடும். அது ஓடுவதைப் பார்க்கும் இன்பத்துக்காகவே நான் சில இணைப்புகளை மெதுவாகச் செய்வேன். உங்கள் விரல் கோட்டின்மேல் இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடி, ரேகையை விமானத்தில் பதித்துவிடும். விரலைத் தள்ளி வையுங்கள். பத்து விநாடி கழித்து மெல்ல அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் இழைபோல் வெளியே பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டுச் சீவித் தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது.

உடலின் இரண்டு பாதியைச் சேர்க்குமுன் விமானி அறைக்கு உள்ளே வண்ணம் பூசிவிட வேண்டும். இருக்கை, கருவிப்பலகை, பிடிதடி. 1/72 அளவில் மூடியை ஒட்டிய பிறகு பாதிக்குமேல் தெரியாது. ஆகையால் இங்கே வாரக்கணக்கில் மெனக்கெட வேண்டாம். மறைப்பு நாடாவை மெல்லிய கீற்றாக வெட்டி இருக்கைப் பட்டையாக ஒட்டினால் மட்டும் நல்ல பலன் உண்டு. பிறகு உடலை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, மறுநாள்வரை தொடாதீர்கள்.

இறக்கையை ஒட்டும்போது முன்னாலிருந்து பாருங்கள், பின்னாலிருந்தும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் மேல்நோக்கி இருக்க வேண்டும். வால் இறக்கை அதோடு கோணலில்லாமல் இருக்க வேண்டும். பசை இறுகுமுன் சரிசெய்ய உங்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் விமானம் நொண்டுவது தெரியும். மூக்கின் கீழ் சக்கரம் உள்ள விமானமாக இருந்தால், உடலை மூடுமுன் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு வைத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துகொள்ளும். பஃபலோ, ஸ்பிட்ஃபயர், ஹயபுசா மூன்றும் வால் சக்கரத்தில் நிற்பவை என்பதால் அந்தக் கவலை இல்லை.

வண்ணம்

நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்து புதியவரைப் படுத்தும் இடம் இதுதான். வெளிநாட்டுக் காணொளியில் சொல்வதை அப்படியே செய்தால் இங்கே வேறு விளைவு வரும்.

கையால் பூசுவதானால் வல்லேஹோ போன்ற தூரிகைக்கென்றே செய்த தண்ணீர் வண்ணத்தை வாங்குங்கள். தமியாவின் அக்ரிலிக் தெளிப்பதற்கு அருமையானது. தூரிகையில் அது சீக்கிரம் காய்ந்து, இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிக் கோடு கோடாக விட்டுவிடும். எந்த வண்ணமானாலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பூசுங்கள். காற்றில் தூரிகை நுனியிலேயே வண்ணம் இறுகிவிடும். நீர்த்த மூன்று பூச்சு, கெட்டியான ஒரு பூச்சைவிட நல்லது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். பூசிய திசைக்குக் குறுக்கே அடுத்த பூச்சு போகட்டும். நடுவில் முழுதாகக் காய விடுங்கள்.

தெளிப்புக் குப்பியில் வரும் வண்ணம் விரைவில் மெழுகுபோல் படியும். ஆனால் மழைக்கு முந்தைய மாலையில் அதைத் தெளித்தால் மேற்பரப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்துவிடுகிறது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி மாதங்கள் இதற்குச் சிறந்தவை. மற்ற மாதங்களில் பனி விலகிய பிறகு, காலை பத்து பதினொரு மணிக்குத் தெளியுங்கள். வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, அடுப்புப் பக்கம் போகாமல். காயும்வரை மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். ஈர வண்ணத்தில் பல்லி நடந்த தடத்தை எந்தப் போரிலும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. மலாயாப் பஃபலோவுக்கு அடிப்பக்கம் வெளிர் நிறம். மேலே மண்நிறத்தை முழுக்கப் பூசிவிட்டு, அது காய்ந்ததும் அடர்பச்சைத் திட்டுகளைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு நிரப்புங்கள். அச்சடித்த படத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போக வேண்டியதில்லை.

கண்ணாடி மூடியின் சட்டங்களை வரைவது எல்லோரையும் பயமுறுத்துகிறது. மூடிமேல் மறைப்பு நாடாவை ஒட்டிப் பல் குச்சியால் விளிம்புகளில் அழுத்துங்கள். சட்டக் கோடு நாடாவின்மேல் தெரியும். புதுக் கத்தி நுனியால் அந்தக் கோட்டில் நாடா மட்டும் அறுபடும்படி இழுக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் கத்தி பட்டையோடு நின்று மரத்தைத் தொடாது அல்லவா, அந்தக் கை வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஒட்டுப்படங்கள்

வட்டச் சின்னம், எண், எழுத்து எல்லாம் தண்ணீரில் நனைத்து நழுவவிடும் படங்களாக வரும். மங்கலான வண்ணத்தின்மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படத்தைச் சுற்றி வெள்ளி மினுக்கம் தெரியும். அதைத் தடுக்க, முதலில் பளபளப்பான தெளிந்த பூச்சு ஒன்று கொடுத்து முழு நாளும் காயவிடுங்கள். பிறகு ஒரு படத்தை மட்டும் வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடி அமிழ்த்தி எடுத்து வையுங்கள். படம் தாளில் நகரத் தொடங்கியதும் விமானத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன்மேல் நழுவவிட்டு, தூரிகையால் இடம் பார்த்து, ஈரத்தைத் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றி எடுங்கள். கோடுகளுக்குள் படம் படிய மென்மையாக்கும் திரவம் விற்கிறார்கள். அதைப் பூசியதும் படம் சுருங்கிக் கோரமாகும். தொடாமல் விட்டால் காயும்போது தானே இறுகிப் படிந்துவிடும். பழைய பெட்டியில் படத்தாள் மஞ்சளாகியிருந்தால், ஒரு பையில் போட்டுச் சன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டிவையுங்கள். மஞ்சள் வெளுக்கும்.

எல்லாம் ஒட்டியானதும் மங்கலான தெளிந்த பூச்சு ஒன்று. அதோடு பளபளப்பு அடங்கி, படமும் வண்ணமும் ஒன்றாகிவிடும்.

மிச்ச வேலை

சக்கரம், விசிறி, வானொலிக் கம்பம், கண்ணாடி மூடி எல்லாம் கடைசியில். முன்பே ஒட்டினால் முறியும். மூடியை உடனடிப் பசையால் ஒட்டக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியைப் புகைமூட்டமாக்கிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெளிந்துவிடும், தவறினால் தண்ணீரில் துடைத்துவிடலாம்.

அழுக்குப் பூசுவதை இரண்டாவது விமானத்துக்குத் தள்ளிப்போடுங்கள் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும். ஆகவே இவ்வளவு மட்டும்: புகைக்குழாய்க்குப் பின்னால் பென்சில் கரியைத் தூளாக்கி விரலால் பின்னோக்கி ஒரு இழுப்பு, சக்கரத்திலும் அடிவயிற்றிலும் நம் செம்மண் நிறத்தில் மெல்லிய தூசி. அதற்குமேல் கை நீளும்போது தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள்.

விமானத்தை நேர் வெயில் படும் சன்னலில் வைக்காதீர்கள்; வண்ணம் வெளுக்கும், படம் வெடிக்கும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பிஸ்கட் கடையில் காலியாகும் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்து வையுங்கள், 1/72 விமானம் அதில் அடங்கும். தூசியைத் துணியால் துடைக்காமல் அகலமான மென்தூரிகையால் தட்டுங்கள். வானொலிக் கம்பம் எப்படியும் ஒருநாள் முறியும். அதற்காகச் சட்டத்தின் மிச்சத் துண்டுகளில் ஒன்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள், மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி இளகியதும் இழுத்தால் புதுக் கம்பத்துக்கான மெல்லிய இழை கிடைத்துவிடும்.